கிணறு, வாய்க்கால், பஞ்சுக் குடோன்: எங்கள் ஊர் மீட்புக் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலைக்கு இரண்டு பக்கமும் உள்ள சில ஊர்களும் தோட்டத்துச் சாளைகளும் (தோட்டத்து வீடுகள்) சேர்ந்து நடத்தும் தீயணைப்பு, மீட்புக் குழு எங்களுடையது. அரசுக் குழு இல்லை. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊர்க்காரர்கள் போட்ட பணத்தில் வாங்கிய கயிறு, பம்பு, ஒரு டிராக்டர் டேங்கர், ஒரு கயிற்றுக் கட்டில், முதலுதவிப் பெட்டி, இவைதான் எங்கள் சொத்து. பால் சொசைட்டியிலும் கோயில் நோம்பியிலும் கல்யாண வீட்டிலும் எங்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறோம்.

தீப்பிடித்தால் முதலில் உங்களைக் கூப்பிடுவதா, 101-ஐக் கூப்பிடுவதா?

101. இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம். 112-ஐ அழைத்தாலும் சரி. அழைத்து முடித்த பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் 101-ஐயும் மற்றவர் எங்களையும் ஒரே நேரத்தில் அழைக்கலாம்.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வண்டி ஒன்று சாதாரணமாக 4,500 லிட்டர் தண்ணீரோடு வருகிறது. புகைக்குள் போக மூச்சுக் கருவி, ஏணி, வெட்டும் கருவிகள், அதையெல்லாம் தினமும் எடுத்துப் பழகிய ஆட்கள், எல்லாம் அவர்களிடம் உண்டு. எங்களிடம் மூச்சுக் கருவி இல்லை. புகை நிறைந்த அறைக்குள் நாங்கள் போக மாட்டோம். வண்டி வந்து சேர்ந்த நிமிடமே நிலைய அலுவலர் சொல்வதுதான் சட்டம், அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்போம்.

"வண்டி வந்தால் பணம் கட்ட வேண்டுமாமே" என்று தயங்கி 101-ஐ அழைக்காமல் விட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தீக்கும் மீட்புக்கும் வண்டி வருவதற்குக் கட்டணம் இல்லை. அதோடு, பின்னால் இன்சூரன்ஸ் கேட்கப் போனால் தீ விபத்துச் சான்றிதழ் வேண்டும். அதைத் துறைதான் தர முடியும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் காகிதம் எங்கேயும் செல்லாது.

துறையே இருக்கும்போது நீங்கள் எதற்கு?

இடைப்பட்ட நேரத்துக்கு. காங்கேயத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், 15 கிலோமீட்டர் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இட்டேரி என்கிற தோட்டத்து மண்பாதைக்குள் திரும்பி, கிளுவை வேலிக்கு நடுவே தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். ஆனி ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இந்தப் பக்கத்தை எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் ஒரு தென்னங்கீற்றுச் சாளை முழுசாக எரிந்து விழப் பத்து நிமிடம்கூட வேண்டாம். கிணற்றில் விழுந்தவருக்கு அந்தப் பத்து நிமிடமும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் கூரை பற்றினால் குடத்தோடு ஓடுவது நமக்குப் பழக்கம்தான். ஓடுகிறவர்களுக்குப் பயிற்சியும் சரியான கயிறும் கொடுத்தால் என்ன என்று யோசித்ததில் இந்தக் குழு பிறந்தது. உலகத்தில் இது புதிதும் அல்ல. 1736-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் ஊர்க்காரர்களைச் சேர்த்து இப்படி ஒரு குழு தொடங்கினார். ஜெர்மனியில் இன்றைக்கும் சுமார் 10 லட்சம் பேர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்குவதில்லை.

கிணற்றில் ஆள் விழுந்துவிட்டால் நீங்கள் வருவதற்குள் நாங்கள் என்ன செய்யலாம்?

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம்.

முதலில், குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் குதிக்காதீர்கள். நம் பக்கத்துக் கிணறுகள் பாறையில் வெட்டியவை, 60 அடி, 80 அடி, சில இடங்களில் 100 அடி ஆழம். பாதிக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. படி பாதியிலேயே சரிந்திருக்கும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, உள்ளே பழைய குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. முழுகுகிறவர் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார். அது உங்கள் கழுத்தாக இருக்கும். மகன் விழுந்த கிணற்றில் அப்பனும், அப்பனைத் தேடிச் சித்தப்பனும் இறங்கி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது செய்தித்தாளில் வருவதோடு நிற்பதில்லை. நம் ஊர்களிலேயே நடந்திருக்கிறது.

அப்புறம் என்ன செய்வது? மோட்டார் ஓடினால் ஸ்டார்ட்டரை நிறுத்தி, பியூஸையும் எடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்திருக்கலாம். மிதக்கிற எதையாவது கயிற்றில் கட்டி அவர் பக்கத்தில் போடுங்கள்: மூடி இறுக்கிய பிளாஸ்டிக் குடம், காலி எண்ணெய்க் கேன், லாரி ட்யூப், காய்ந்த தென்னை மட்டை நாலைந்தைச் சேர்த்துக் கட்டிய கட்டு. ஒரு முனையை மரத்திலோ தொலைக்கால் தூணிலோ கட்டிவிட்டு எறியுங்கள். கையில் மட்டும் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றால் நீங்களும் உள்ளே போவீர்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருங்கள். "கேனைப் பிடி, வாயை மேலே வெச்சுக்கோ, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று யாராவது ஒருவர் மட்டும் நிதானமாகச் சொன்னால் போதும். பத்துப் பேர் கத்தினால் அவருக்கு ஒன்றும் கேட்காது.

மேலே தூக்குவது எங்கள் வேலை. நாலு மூலையிலும் கயிறு கட்டிய கட்டிலை மட்டமாக இறக்கித்தான் பெரும்பாலும் தூக்குகிறோம். இடுப்பில் வெறும் கயிறு கட்டி இழுத்தால் விலா உடையும், விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தண்ணீர் இல்லாத கிணற்றில் இறங்கினால் என்ன ஆபத்து?

தண்ணீர் உள்ள கிணற்றைவிட எங்களுக்கு இதுதான் அதிக பயம். வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் இருக்கும். 19.5-க்குக் கீழே இறங்கினாலே அது ஆபத்தான இடம். பயன்படுத்தாமல் கிடந்த கிணற்றில், சருகும் குப்பையும் அழுகிய அடிப்பகுதியில், ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு தங்கியிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கிச் சாய்வார், மேலே இருப்பவர் "வழுக்கி விழுந்துட்டான்" என்று நினைத்து இறங்குவார்.

டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் பாதித் திட்டில் இறக்கி வைத்து ஓட்டுவது இன்னொரு ஆபத்து. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள்ளேயே நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டால் புகை போய்விடும் என்று எண்ணி இறங்க வேண்டாம்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பெரியவர்கள் பழக்கம் பாதிதான் உதவும். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது நிச்சயம். அணையவில்லை என்பதற்காக இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை, ஏனென்றால் நச்சு வாயுவை விளக்கு காட்டாது. தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே வினையாகும்.

கழிவுநீர்த் தொட்டிக்கும் சாயப்பட்டறைத் தொட்டிக்கும் பதில் ஒன்றே: யாரும் இறங்கக் கூடாது, நாங்களும் இறங்க மாட்டோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 30 லட்சம் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பன் திரும்பி வருவானா? லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

தூக்கிய பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டாமா?

வேண்டாம். தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைத் தின்னும். வயிற்றில் உள்ளது வெளியே வந்து நுரையீரலுக்குள் போகும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது மூச்சு. தரையில் மட்டமாகப் படுக்க வையுங்கள், மூச்சு இல்லையென்றால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அமுக்கு, 2 ஊது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு என்ற வேகம். 108 வரும்வரை நிறுத்தாமல், ஆள் மாற்றி ஆள். ஊர் ஊராக இதைச் சொல்லித் தருகிறோம். ஒரு தலையணையும் ஒரு மணி நேரமும் இருந்தால் அடிப்படையைக் கற்றுக்கொள்ளலாம், கூப்பிடுங்கள்.

வாய்க்காலில் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்? ஆழம் அதிகம் இல்லையே?

ஆழத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கரை சரிவாக காங்கிரீட் போட்டது. பாசி படிந்தால் சோப்புத் தடவிய தளம் மாதிரி இருக்கும். உள்ளே விழுந்தவர் கரையைத் தொடுவார், ஆனால் ஏற முடியாது. ஏற ஏற வழுக்கி, கை ஓய்ந்து, இழுப்பில் போய்விடுவார்.

இன்னொன்றும் உண்டு. பி.ஏ.பி. பாசனம் நாலு மண்டலமாகப் பிரிந்து முறை வைத்து வருவதால் ஒரு கிளை வாய்க்கால் பல மாதம் காய்ந்தே கிடக்கும். பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடியிருப்பார்கள். அது அவர்களுக்கு விளையாடிய இடம். தண்ணீர் வந்த பிறகும் அதே எண்ணத்தோடு இறங்குகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறக்கும்போதும் இதே கதைதான். தண்ணீர் திறக்கும் தேதி தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வதை எங்கள் முக்கியமான வேலையாக வைத்திருக்கிறோம்.

ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால் அவர் பின்னால் கரையில் ஓடாதீர்கள், எட்டாது. வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாலத்துக்கு முன்னாலேயே போய் நில்லுங்கள். கயிற்றைக் குறுக்கே நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால், பிடித்தவரை இழுப்பே கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும். நேராகக் கட்டினால் நடுவிலேயே வளைந்து தண்ணீர் அவர் தலைக்கு மேலே ஏறும்.

ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடிக்கோ பவானிக் கூடுதுறைக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காவிரி நமக்குப் பழக்கமில்லாத ஆறு. தடுப்புக் கட்டியிருந்தால் அதைத் தாண்ட வேண்டாம்.

"மாடு கிணத்துல விழுந்துருச்சுங்க, வருவீங்களா?"

வருவோம். ஆள் போலவே மாட்டுக்கும் வருவோம். ஒரு காங்கேயம் மாடு அந்த வீட்டுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும், நாங்களும் கட்டுத்தரை உள்ளவர்கள்தான்.

நாங்கள் வரும்வரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொம்பில் கயிறு கண்ணியிட்டு, தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தாங்கிப் பிடித்திருங்கள். இழுக்க வேண்டாம், தாங்கினால் போதும். கழுத்தில் கயிறு போட்டுத் தூக்கினால் மாடு மூச்சு முட்டிச் செத்துவிடும். கூட்டத்தை விலக்குங்கள். மாடு மிரண்டு நீந்தி நீந்தித்தான் களைத்துப் போகிறது. தெரிந்த குரல், பால் கறக்கிறவர் குரல், பக்கத்தில் கேட்டால் அடங்கும்.

தூக்குவதற்குக் கிணறு தூர்வாரும் கிரேன்காரர்களைக் கூப்பிடுகிறோம். பழைய தீயணைப்பு ஓஸ் துணியை அகலப் பட்டையாக வெட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று கொடுத்து, கண்ணைச் சாக்கால் மூடி, மெதுவாக ஏற்றுகிறோம். சினை மாடாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், பட்டை வைக்கும் இடம் மாறும். மேலே வந்ததும் உடனே எழுப்பி நிறுத்த வேண்டாம். கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

பஞ்சுக் குடோன், தென்னை நார்க் களம், சோளத்தட்டுப்போர் தீயை அணைத்தால் ஏன் திரும்பத் திரும்பப் பற்றுகிறது?

இந்தப் பதிலை எழுதும்போது எங்களுக்குக் கூச்சம்தான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். குழு தொடங்கிய புதிதில் ஒரு கழிவுப் பஞ்சுக் குடோனில் பற்றிய தீயை அணைத்துவிட்டு, சுடரும் இல்லை, புகையும் இல்லை என்று இரவு 11 மணிக்குத் திரும்பிவிட்டோம். விடியற்காலை 3 மணிக்கு மறுபடி போன் வந்தது. போய்ப் பார்த்தபோது நாங்கள் காப்பாற்றி வைத்திருந்த பாதியும் எரிந்துகொண்டிருந்தது. அந்த முதலாளி எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் மனசில் இருக்கிறது.

இறுக்கிக் கட்டிய பேலுக்குள் தீ சுடராக இருக்காது, கங்காகக் கனிந்துகொண்டே உள்ளே போகும். மேலே ஊற்றும் தண்ணீர் வெளிப் பஞ்சை நனைத்து வழிந்துவிடும், உள்ளே இறங்காது. தென்னை நார்க்கழிவு இன்னும் மோசம், நாள் கணக்கில் உள்ளே புகைந்து கிடக்கும். 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடித்த கப்பலிலும் வெடிமருந்தோடு பஞ்சுப் பேல்கள் இருந்தன. அந்தப் பஞ்சில் தொடங்கிய தீதான் வெடிமருந்துக்குப் போனது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் அன்று இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி வருவதால் நாங்கள் அந்த வாரத்தில் குடோன்களுக்குப் போய்ச் செயல்விளக்கம் காட்டுகிறோம்.

இப்போது எங்கள் முறை இது. ஒவ்வொரு பேலையும் கொக்கியால் இழுத்து வெளியே போட்டு, கட்டை அறுத்து, பிரித்து நனைக்கிறோம். பிறகு விடியும்வரை இரண்டு பேர் டேங்கரோடு அங்கேயே காவல் இருக்கிறார்கள். தட்டுப்போருக்கும் அதே முறைதான். மேலே ஊற்றிப் பயனில்லை, பிரித்துப் போட வேண்டும். எரியாத பாதியைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக் காப்பாற்றுவது முதல் வேலை. போரை வீட்டை ஒட்டியும் மின்கம்பிக்குக் கீழேயும் போடாதீர்கள். ஈரத் தட்டை அடுக்கினால் உள்ளே தானாகச் சூடேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொப்பரைக் களத்தில் தீ என்றால் கந்தகம் இருக்கிறதா என்று முதலில் சொல்லிவிடுங்கள். எரியும் கந்தகத்தின் புகை தொண்டையை அடைக்கும். உரிமையாளர் மறைத்ததால் எங்கள் ஆட்கள் இருமி இருமித் துவண்ட நாள் உண்டு. நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்வதற்காகக் கேட்கவில்லை.

சமையல் கேஸ் கசிந்தால்? எண்ணெய்ச் சட்டி பற்றினால்?

கேஸ் காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு கேஸ் கசிவுக்கான 1906-ஐ அழையுங்கள். பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் கூரை வரைக்கும் எகிறும். அடுப்பை அணைத்து, தட்டையோ பிழிந்த ஈரச் சாக்கையோ போட்டு மூடினால் போதும்.

தீக்காயத்துக்கு மாவு, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம்.

மூடாத ஆழ்துளைக் கிணறு பற்றி உங்களிடம் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த 2 வயதுக் குழந்தையை, மாநிலமே விழித்திருந்து பார்த்தும், காப்பாற்ற முடியவில்லை. அங்கே வராத கருவியா, வராத ஆளா? அந்தக் குழாய்க்குள் போன பிறகு செய்ய முடிவது மிகக் குறைவு. பயன்படாத போரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. நம் பக்கத்தில் ஆயிரம் அடி ஓட்டித் தண்ணீர் வராமல் விட்ட போர்கள் எத்தனை! சாக்கைக் கட்டி, கல்லை வைத்து விட்டிருப்பார்கள். எங்கள் குழுவில் லேத் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். இரும்பு மூடி போட்டு வெல்டிங் செய்து தருகிறோம், காசு இல்லை. யார் தோட்டம் என்று மட்டும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று சொல்ல மாட்டோம்.

பாம்பு, கதண்டுக் குளவி?

பாம்புக்கு வனத்துறையையும், கதண்டுக் கூட்டுக்கு 101-ஐயும் அழையுங்கள். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ எங்களுக்கு அனுமதி இல்லை. தீப்பந்தம் பிடித்துக் கதண்டை எரிக்கப் போய்த் தென்னைமரம் பற்றி நாங்கள் வர நேர்ந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம் அல்லவா, அதே வழிதான். அந்த வரியோடு சேர்த்து, குழுவுக்கென்று தனி நோட்டில், விருப்பப்பட்டவர்கள் எழுதுகிறார்கள். கொடுக்காத வீட்டுக்கும் வருவோம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற நோட்டு வண்டியில் இருக்கக் கூடாது என்பதே எங்கள் விதி. கல்யாணம், காதுகுத்து, புதுவீட்டு விசேஷத்தில் நினைத்துக்கொண்டு அனுப்புகிறவர்கள் உண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாதாமாதம் அனுப்புகிறார்கள்.

சம்பவம் நடந்த இடத்தில் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம். டீசல் காசும் வேண்டாம். மாட்டைத் தூக்கிக் கொடுத்த சந்தோஷத்தில் நீட்டினாலும் வாங்க மாட்டோம், பிணத்தை எடுத்துக் கொடுத்த வீட்டில் நிச்சயமாக வாங்க மாட்டோம். கொடுக்க நினைப்பவர்கள் ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம். டேங்கரில் கட்சிக் கொடி, சாதிச் சங்கப் பெயர், கம்பெனி விளம்பரம் எதுவும் எழுத விடுவதில்லை. ஒரே ஆள் முழு வண்டியும் வாங்கித் தருகிறேன் என்று வந்தபோது வேண்டாம் என்று சொன்னதில் குழுவுக்குள்ளேயே வருத்தம் இருந்தது. ஆனால் ஒருவர் வண்டியாகிவிட்டால் அது ஊர் வண்டியாக இருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறோம்.

வரவு செலவை மாதம் ஒருமுறை பால் சொசைட்டி பலகையில் ஒட்டுகிறோம். காலை 6 மணிக்குப் பால் ஊற்ற வருகிறவர்கள் படித்துவிட்டு அங்கேயே கேட்கிறார்கள், அதைவிடக் கடுமையான ஆடிட்டர் இல்லை. வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள்.

பணத்துக்குப் பதிலாகப் பொருள் தரலாமா?

தரலாம். சாக்கு, குடம், லாரி ட்யூப், டார்ச், டீசல், டீ எல்லாம் வாங்கிக்கொள்கிறோம். கோவையும் பம்புத் தொழிலும் பக்கத்தில் இருப்பதால் மோட்டார் பம்பு பழுது பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை, அதுவே பெரிய உதவி.

பழைய கயிறு மட்டும் வேண்டாம். எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் வேண்டாம். கிரேனில் ஓடிய கயிறு, சிமெண்ட் பட்ட கயிறு, பேட்டரி ஆசிட் தெறித்த கயிறு, வெயிலில் வருடக் கணக்கில் கிடந்த கயிறு, எதுவும் உள்ளே அறுந்திருப்பது வெளியே தெரியாது. ஆள் தொங்கும் கயிற்றைப் புதிதாக வாங்குகிறோம், வாங்கிய தேதியை எழுதிக் கட்டுகிறோம், ஒருமுறை பலமான அதிர்ச்சி வாங்கிய கயிற்றை வெட்டி மாடு கட்டக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் பணத்தில் பெரும்பகுதி கயிற்றுக்கே போகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

யார் சேரலாம்? பெண்கள் சேரலாமா?

18 வயது நிறைந்த யாரும். இப்போது இருப்பவர்களில் விசைத்தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்குப் போகிறவர், கிணறு வெட்டுகிற குழுவினர், தென்னை ஏறுகிறவர், வயர்மேன், டிராக்டர் டிரைவர் எல்லோரும் உண்டு. கிணறு வெட்டுகிறவர்கள் கயிறு பிடிக்கும் பக்குவத்தை வேறு யாரிடமும் கற்க முடியாது.

பெண்கள் இல்லாமல் பகலில் இந்தக் குழுவே இல்லை. ஆண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு தோட்டத்தில் இருப்பது அவர்கள்தான். டேங்கரை ஓட்டுவதும், போனை எடுப்பதும், நெஞ்சை அமுக்கி உயிர் கொடுப்பதும் அவர்கள் செய்கிறார்கள். முதலில் "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது எதுக்கு" என்று கேட்ட அம்மாயி ஒருவர் இப்போது பேத்தியைத் தானே பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. மூன்று மாதம் தொடர்ந்து வராதவரைச் சம்பவ இடத்துக்கு அனுப்புவதில்லை. மது குடித்தவர் அன்றைக்கு வீட்டிலேயே இருக்க வேண்டும், யாராக இருந்தாலும். எல்லோருக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அது போக, ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் ஒவ்வொருவரும் தன் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

சாலை விபத்தில் உதவுகிறவரை வலுக்கட்டாயமாகச் சாட்சியாக்கவோ, பெயர் சொல்லச் சொல்லவோ முடியாது. உதவும் எண்ணத்தோடு செய்ததற்கு வழக்கும் போட முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பயந்து ஒதுங்கிப் போக வேண்டாம்.

அங்கே என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்களே, ஏன்?

கிணற்றுக்கு வரும் அழைப்பு எல்லாமே கால் தவறி விழுந்ததாக இருக்காது. அது உங்களுக்கும் தெரியும். யார், எதனால், கடைசியாக என்ன சொன்னார் என்பதை எங்கள் ஆட்கள் வீட்டிலும் பேசக் கூடாது. போன் எடுத்துப் படம் பிடிக்கிறவரை, அவர் யாராக இருந்தாலும், முதலில் வெளியேற்றுகிறோம். அந்த வீட்டுக்காரர்கள் நாளைக்கும் இதே ஊரில்தான் இருக்க வேண்டும். மனசு கனத்துக் கிடக்கிறவர் யாராவது இதைப் படித்தால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. இல்லை, எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வந்து உட்காருகிறோம்.

எங்கள் ஊரிலும் தொடங்க வேண்டும். வண்டி எவ்வளவு ஆகும்?

வண்டியில் தொடங்காதீர்கள். ஒரு நோட்டில் தொடங்குங்கள். ஊரில் எத்தனை கிணறு, எதற்குச் சுவர் இல்லை, எதில் படி உண்டு, எந்தத் தோட்டத்துக் கேட்டில் தீயணைப்பு வண்டி நுழையும், எந்த இட்டேரியில் திரும்ப முடியாது, சாவி யாரிடம், கோடையில் தண்ணீர் நிற்கும் கிணறு எது என்று நடந்து போய் எழுதுங்கள். தோட்டத்து மும்முனை மின்சாரம் எல்லா நேரமும் இருக்காது. தீப்பிடித்த நேரத்தில் மோட்டார் ஓடாது என்றால் ஜெனரேட்டரோ டீசல் எஞ்சினோ யாரிடம் இருக்கிறது என்பதும் அந்த நோட்டில் வேண்டும். எழுதிய நோட்டின் நகல் ஒன்றைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்து, அங்கேயே பயிற்சியும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்புறம் 150 அடியில் இரண்டு நல்ல கயிறு, நாலு லாரி ட்யூப், ஒரு கட்டில். ஒரு வருடம் அதை வைத்து ஓட்டிய பிறகு ஊரே வண்டியைப் பற்றிப் பேசும்.

அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஊர், தோட்டத்தின் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ பஸ் நிறுத்தமோ, என்ன எரிகிறது அல்லது யார் விழுந்தார், எத்தனை பேர். அவ்வளவுதான். "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள், நாங்கள் வைக்கும்வரை இணைப்பில் இருங்கள்.

பேசி முடித்ததும் ஒருவரை தார்ச்சாலை முக்குக்கு அனுப்புங்கள். இரவென்றால் கையில் டார்ச்சோடு. கேட்டைத் திறந்து, வழியில் நிற்கும் வண்டிகளை ஒதுக்கி, நாயைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.